தெரியாத கீரையின் அளவு

ஒரு கீரை நமக்குத் தெரியும் என்று எந்தக் கட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம்? செடியை வேலியோரத்தில் அடையாளம் கண்டுவிட்டால் போதுமா, பெயர் சொல்லத் தெரிந்தால் போதுமா, அதில் இன்னின்ன சத்து இருக்கிறது என்று ஒப்பிக்கத் தெரிந்தால் போதுமா? இப்போதெல்லாம் புதுக் கீரை ஒன்று வீட்டுக்குள் நுழையும்போது கடைசியாகச் சொன்னதுதான் முதலில் வருகிறது. இரும்பு இவ்வளவு, கால்சியம் இவ்வளவு, வைட்டமின் ஏ இவ்வளவு என்று இலைக்கு முன்பே அதன் சான்றிதழ் வந்துவிடுகிறது. எப்படிச் சமைப்பது என்று கேட்டால் ‘எப்படி வேண்டுமானாலும் செய்யலாம், பச்சையாகக்கூடச் சாப்பிடலாம்’ என்று பதில் கிடைக்கிறது. தாராளமான பதில்தான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ உறுத்துகிறது. எந்தக் கீரையையும் தலைமுறைகளாகச் சாப்பிட்டு வருகிற வீட்டில் அதை எப்படி வேண்டுமானாலும் செய்வதில்லை. இன்ன பதத்தில் கிள்ளி, இன்னதோடு சேர்த்து, இவ்வளவு நேரம் வேகவைத்து, இன்னாருக்குக் கொடுத்து இன்னாருக்குக் கொடுக்காமல்தான் செய்கிறார்கள். இந்த ஒழுங்கை ருசி சார்ந்த பழக்கம் என்று ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். என் வாதம் வேறு: கீரையைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி அந்த ஒழுங்குக்குள்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வருகிற இலை, எத்தனை ஆய்வுக்கூடச் சான்றோடு வந்தாலும், தெரியாத இலைதான்.

இதற்கு ஒரு செடியையே சாட்சியாக வைத்துப் பார்க்கலாம். தாவரவியலில் ஸாரோபஸ் ஆண்ட்ரோஜைனஸ் என்று நெடுங்காலமாக அறியப்பட்ட குற்றுச்செடி. தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்கிறார்கள். நாற்றுப் பண்ணைகளில் ‘மல்டி வைட்டமின் கீரை’ என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். மலேசியாவில் சேக்கூர் மானிஸ், சபாவில் சாயுர் மானிஸ், ஜாவாவில் காத்துக், வியட்நாமில் ராவ் ஙோத். நெல்லியும் கீழாநெல்லியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பார்த்தவுடனேயே தெரியும்: காம்பின் இருபுறமும் வரிசை பிடித்த இலைகள், அந்த இலைகளுக்குக் கீழே ஒளிந்து தொங்கும் செம்மையான சிறு பூக்கள், பிறகு வெண்ணிறக் காய்கள். குச்சியை ஒடித்து நட்டால் துளிர்த்துவிடும். வெட்ட வெட்டத் தழையும். வேலியாகவும் நிற்கும், குழம்புக்கும் ஆகும். கொழுந்தை வாயில் போட்டு மென்றால் பச்சைப் பட்டாணியின் இளம் இனிப்பு. கசப்போ காறலோ நாக்கை எச்சரிக்கிற வேறு எதுவுமோ இல்லை. இந்தக் கடைசிக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கசக்கிற இலையைப் பற்றி நாம் தானாகவே கவனமாக இருப்போம். இனிக்கிற இலையிடம் அந்தக் கவனம் தோன்றுவதே இல்லை.

அதன் சொந்த ஊர்களில் இந்த இலை அடுப்புக்கு வருகிற விதம் சுவாரசியமானது. மலேசியாவின் சரவாக்கில் இலையை உருவி, கைகளுக்கிடையே வைத்துக் கசக்குகிறார்கள். நார் முறிந்து, இலை கறுத்துச் சுருங்கி, கையெல்லாம் பச்சைச் சாறு பிசுபிசுக்கும் வரை கசக்கிவிட்டு, பூண்டு தாளித்த எண்ணெயில் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுகிறார்கள். வியட்நாமியரும் முதலில் கசக்கத்தான் செய்கிறார்கள். பிறகு கொத்திய பன்றி இறைச்சியோ இறாலோ கொதிக்கிற நீரில் அதைப் போட்டுத் தெளிவான சூப்பாக இறக்குகிறார்கள். ஜாவாவில் சின்ன வெங்காயம், மக்காச்சோளத் துண்டுகள், தெமு குஞ்சி என்கிற விரல்விரலான மணக்கிழங்கு இவற்றோடு நீர்த்த சாறாகக் கொதிக்கவிடுகிறார்கள்; பால் கொடுக்கும் தாய்க்கு முதல் கிண்ணம். மலேசியாவின் பான் மீ நூடுல்ஸ் கிண்ணத்தில் நெத்திலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிடி இலையாக மிதக்கிறது. நான்கு ஊர், நான்கு ருசி. ஆனாலும் சில விஷயங்கள் மாறவில்லை. இலை தனியாக வருவதில்லை. சோற்றுக்கோ நூடுல்ஸுக்கோ துணையாக வருகிறது. ஒருவருக்கு விழுவது ஒரு பிடி, மிஞ்சினால் இரண்டு. இன்று இது, நாளை கங்குங் என்கிற நீர்க்கீரை, மறுநாள் வேறொன்று என்று முறை மாறுகிறது. யாருக்கு என்பதிலும் கணக்கு இருக்கிறது: ஜாவாவில் பிள்ளை பெற்றவளுக்கு விரும்பிக் கொடுக்கிற இதே இலையை வியட்நாமில் கர்ப்பிணிகள் தவிர்க்கிறார்கள். இவற்றில் எதையும் யாரும் விதி என்று எழுதி வைக்கவில்லை. கறியின் வடிவமே விதியாக இருந்தது.

1994இல் தைவானில் இந்த இலை வேறு வடிவத்தில் பரவியது. உடல் இளைக்கும் என்ற நம்பிக்கையில், பச்சை இலையை மிக்ஸியில் அடித்து, கொய்யா அல்லது அன்னாசிச் சாற்றோடு கலந்து தினமும் குடித்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்களும் நடுவயதுப் பெண்களும். வாரக்கணக்கில் இப்படிக் குடித்தவர்களுக்கு முதலில் இருமல், பிறகு படியேறினால் மூச்சு வாங்குதல், பிறகு படியேறாமலேயே. நுரையீரலின் மிக நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வீங்கி, தழும்பேறி, அடைத்துக்கொண்டன. ஆஸ்துமா மருந்துகளுக்கு அது பணியவில்லை; ஸ்டீராய்டுகளும் பெரிதாக உதவவில்லை; குடிப்பதை நிறுத்திய பிறகும் போன மூச்சு திரும்பவில்லை. நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள், சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை செய்ய வேண்டியிருந்தது. 1996இல் லான்செட் இதழில் தைவான் மருத்துவர்கள் இந்த நோய்ப் பரவலைப் பதிவு செய்தார்கள். எந்த வேதிப்பொருள் இதைச் செய்தது என்று பல ஊகங்கள் சொல்லப்பட்டன; முடிவாக எதுவும் நிறுவப்படவில்லை. இலை அதே இலைதான். ஜாவாவின் தாய்மார்களும் சரவாக்கின் பிள்ளைகளும் தின்று வளர்ந்த இலை. வந்த இடத்தில் யாரும் அதில் கலப்படம் செய்யவில்லை, வேறொன்றை அதன் பெயரில் விற்கவில்லை.

பச்சையாகச் சாப்பிட்டதுதான் தவறு, வேகவைத்திருந்தால் நஞ்சு போயிருக்கும் என்று ஒரு வரியில் முடித்துவிடத் தோன்றும். காரணப் பொருளே உறுதியாகாதபோது நெருப்பு அதை அழித்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. வீட்டுக் கறி இலையை வேகவைத்தது என்பதைவிட, அதற்கு வரம்பு கட்டியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பச்சை இலையை மென்று தின்றால் தாடை ஒரு கட்டத்தில் வலித்து ‘போதும்’ என்கிறது. சமைத்துத் தின்றால் சோறு அதைச் சொல்கிறது: கறி எவ்வளவு ருசித்தாலும் சோற்றின் அளவுக்கு மேல் போவதில்லை. பகிர்ந்துண்ணும் பாத்திரம் இன்னொரு வரம்பு. அடுத்தவருக்கும் வைக்க வேண்டும். சலிப்பு இன்னொன்று, நேற்று வைத்ததையே இன்றும் வைத்தால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். மிக்ஸி முதல் வரம்பை உடைத்தது. டம்ளர் இரண்டாவதையும் மூன்றாவதையும் உடைத்தது. சாற்றுக்குச் சோறு வேண்டாம், அதைப் பங்கிடவும் வேண்டாம். இளைக்க வேண்டும் என்ற வைராக்கியம் நான்காவதை உடைத்தது: மருந்தென்று நினைத்துக் குடிக்கிறவருக்குச் சலிப்பு வந்தாலும் நிறுத்த மனம் வராது. எந்தத் தனி வரம்பும் நஞ்சை அறிந்து போடப்பட்டதல்ல. எல்லாம் சேர்ந்து அந்த இலையை ஆபத்தில்லாத அளவுக்குள் வைத்திருந்தன. சமையல் முறையை இலையிலிருந்து கழற்றி எடுத்தபோது இந்த வரம்புகள் அத்தனையும் ஒன்றாகக் கழன்றுவிட்டன.

சமையல் முறைக்குள் வேதியியல் தெரியாமலேயே வேதியியல் படிந்திருப்பதற்கு வேறு இலைகளும் சாட்சி சொல்லும். வட சுமத்ராவின் மண்டாயிலிங் மக்கள் மரவள்ளி இலையை உரலில் போட்டு, நம் சுண்டைக்காயையும் சேர்த்து இடித்து, தேங்காய்ப்பாலில் நெடுநேரம் கொதிக்கவிடுகிறார்கள். மரவள்ளி இலையில் சயனைடை உள்ளடக்கிய சேர்மம் இருக்கிறது. இடிக்கும்போது இலையின் நொதி அதோடு கலந்து அதை உடைக்கிறது. வெளிப்படுகிற ஹைட்ரஜன் சயனைடு கொதியில் ஆவியாகிவிடுகிறது. இடிப்பவருக்கு நொதி தெரியாது. இடிக்காமல் போட்டால் இலை கடினமாக இருக்கும் என்பது மட்டும் தெரியும். பிலிப்பைன்ஸின் பிகோல் பகுதியில் சேம்பின் இலையைக் காயவைத்துத் தேங்காய்ப்பாலில் வேகவிடும்போது, முழுக்க வேகும் வரை கிளறவே கூடாது என்பார்கள். கிளறினால் தொண்டை அரிக்கும் என்பது அவர்கள் சொல்கிற காரணம். சேம்பிலையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருப்பதும் அரிப்புக்கு அவையே காரணம் என்பதும் நமக்குத் தெரியும். கிளறாமல் இருப்பதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு அவர்கள் நினைக்கிறபடிதானா என்பதை விட்டுவிடலாம். அந்தத் தடையின் பயன் வேறொரு இடத்திலும் இருக்கிறது: அது சமைப்பவரின் அவசரத்தைக் கட்டிப்போடுகிறது. கிளறக் கூடாது என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தால் இலை நன்றாக வேகும். காரணம் சரியோ தவறோ, நடப்பது சரியாக நடக்கிறது.

இந்த இடத்தில் கடுமையான மறுப்பு ஒன்று எழும், எழ வேண்டும். மரபு எப்போதும் சரியாகத்தான் நடந்துகொள்ளுமா? ஜப்பானில் வராபி என்கிற பெரணியின் இளந்தளிரை நூற்றாண்டுகளாகச் சாப்பிடுகிறார்கள். அதன் மேல் சாம்பலைத் தூவி, கொதிநீர் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டுக் கசப்பை எடுக்கிறார்கள். 1983இல் அந்தப் பெரணியிலிருந்து டாகிலோசைடு என்ற புற்றுநோய் விளைவிக்கும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. காரத்தன்மையுள்ள நீரில் அது சிதைகிறது என்பதும் தெரியவந்தது. அதாவது சாம்பல் முறை கசப்பை விரட்டப் போய்ப் புற்றுநோய்க் காரணியையும் பெருமளவு விரட்டியிருக்கிறது. பெருமளவுதான், முழுதாக அல்ல. பல பத்தாண்டுகள் கழித்து வருகிற நோயை எந்த அடுப்படியும் கண்டுபிடித்திருக்க முடியாது. தின்ற அன்றே வாய் அரித்தால், மறுநாள் வயிறு போனால், அதை வீடு பதிந்துகொள்ளும். முப்பது ஆண்டு கழித்து வருவதை அது விதியின் கணக்கில் எழுதிவிடும். ஆகவே மரபுக்கு நான் கேட்கிற மதிப்பு எல்லையற்றதல்ல. ஆய்வுக்கூடம் சொல்லித்தான் தெரிய வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: மரபின் குருட்டுப் பகுதியைக் காட்டி அதன் பார்வையுள்ள பகுதியையும் தள்ளிவிடுவது, ஒரு கண் மங்கலென்று மற்றதையும் மூடிக்கொள்வதுதான். தைவானில் ஆய்வுக்கூட அறிவு மரபைத் திருத்தவில்லை. மரபு சொன்ன அளவு கழன்றது. அதன் இடத்தில் ஆய்வுக்கூடம் சொன்ன அளவு வரவில்லை. இரண்டும் இல்லாத வெற்றிடத்தில்தான் அந்த டம்ளர் நின்றது.

இரண்டாவது மறுப்பு: இப்படிப் பயந்தால் புதிதாக எதையும் சாப்பிடவே முடியாதே, மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒரு நாள் தெரியாதவைதானே என்பது. உண்மைதான். ஆசியச் சமையலின் பாதி வந்தேறிகளால் ஆனது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவின் ஃபூஜியன் கரையை எட்டிய சர்க்கரைவள்ளி, தைவானில் கிழங்காகப் பசி தீர்த்தது. நெடுங்காலம் பன்றிக்குப் போட்ட அதன் இலை இன்று பூண்டோடு வதக்கிய கீரையாகச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. கேள்வி, வந்தேறிகள் எப்படி உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள் என்பதுதான். பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த ஒரு கறியின் வடிவத்துக்குள். மிளகாய் மிளகின் இடத்தில் நுழைந்தது. புது இலை கிடைத்த சீன வீடு அதைப் பூண்டோடு சூடான எண்ணெயில் வதக்கிப் பார்க்கிறது. மலாய் வீடு பெலாச்சான் என்கிற இறால் விழுதோடு பிரட்டிப் பார்க்கிறது. தமிழ் வீடு பருப்போடு வேகவைத்துக் கடைகிறது அல்லது தேங்காய் தூவிப் பொரியலாக்குகிறது. கற்பனை வறண்டவர்களின் சமையல் என்று இதைப் பார்ப்பவர்கள் உண்டு; எதைக் கொடுத்தாலும் பருப்பில் போட்டுவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது விவேகமாகவே படுகிறது. பழைய கறிக்குள் போன புது இலை, அந்தக் கறியின் வரம்புகளையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. அது நன்றாக வேகும், வேறொன்றோடு கலந்து நீர்த்துப்போகும், ஒரு கரண்டிக்கு மேல் விழாது, நாளை வேறு கறிக்கு வழிவிடும். அதனால் கெடுதல் வந்தாலும் சிறிதாக வரும். வீடு கவனித்துத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். புதியதைத் தடுக்கிற சுவராக இது இருந்ததில்லை. மெல்ல உள்ளே விடுகிற வாசலாக இருந்திருக்கிறது.

மூன்றாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. வியட்நாமிலேயே இந்த இலையின் பச்சைச் சாற்றைக் குடிக்கும் வழக்கம் நாட்டு வைத்தியத்தில் உண்டு. பிரசவத்துக்குப் பின் கருப்பை சுத்தமாக வேண்டும் என்று கொடுப்பார்கள். அப்படியானால் சாறும் மரபுதானே? ஆமாம். ஆனால் அந்தச் சாறு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அது குறிப்பிட்ட ஒரு நிலைக்கு, குறிப்பிட்ட ஒருத்திக்கு, சில வேளைக்குக் கொடுக்கப்படுவது. அந்தச் சாற்றை மருந்தென்று அறிந்து கொடுத்தவர்கள்தான் கர்ப்பிணியை இலையிலிருந்தே விலக்கியும் வைத்தார்கள். அந்த வைத்தியம் பலன் தருமா என்பது தனிக் கேள்வி. அதற்கு நான் சான்று சொல்லவில்லை. மருந்தும் உணவும் வேறு வேறு அளவில் இயங்க வேண்டும் என்ற தெளிவு அந்த வழக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். மருந்தின் செறிவும் உணவின் அன்றாடத்தன்மையும் ஒரே டம்ளரில் கூடுவதுதான் ஆபத்து. 2003இல் ஜப்பான் அரசு கோடு கிழித்ததும் ஏறக்குறைய இங்கேதான். அங்கேயும் நோய் தெரியவந்தபோது, இந்த இலையைப் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்பதைத் தடை செய்தார்கள். காயாத இலையைக் காய்கறியாகச் சமைப்பதை அந்தத் தடை தொடவில்லை. ஒரே தாவரம், இரண்டு வடிவம், இரண்டு தீர்ப்பு. நாள்தோறும் நெடுங்காலம் அதிக அளவு உள்ளே போக வழி செய்கிற வடிவம் எது என்று பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள்.

சத்து அட்டவணையின் மேல் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். அதில் இருக்கும் எண்கள் பொய்யல்ல. தவசிக்கீரையில் புரதமும் கரோட்டினும் தாராளம் என்பது உண்மை. ஆனால் அட்டவணை ‘100 கிராமுக்கு’ என்று தொடங்குகிறது. அப்படிப் படித்தவுடன் 200 கிராமுக்கு இரட்டிப்பு என்ற கணக்கு மனதில் ஓடத் தொடங்குகிறது. அதிகம் என்பது நல்லது என்பதாகிவிடுகிறது. கறிக்கு அப்படியொரு கணக்கு கிடையாது; இரண்டு மடங்கு கீரை போட்ட கூட்டு இரண்டு மடங்கு நல்ல கூட்டு என்று எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘மல்டி வைட்டமின்’ என்ற பெயரோடு நாற்று விற்கப்படும்போது வாங்குகிறவர் மனதில் பதிகிற படம் மாத்திரையின் படம். மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொள்வார்கள் அல்லவா? ஆக்ஸலேட் மிகுந்த கீரைகளைப் பச்சைச் சாறாக்கித் தினமும் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் வந்திருக்கின்றன. வேகவைத்து நீரை வடித்தால் கரையக்கூடிய ஆக்ஸலேட்டில் கணிசமான பங்கு நீரோடு போய்விடும். அந்த வடித்த நீரைச் ‘சத்து வீணாகிறது’ என்று நாம் வருந்துகிறோம்.

பிரச்சினை தைவானோடு முடிந்துவிடவில்லை. செடிகள் இப்போது குச்சியாகவும் விதையாகவும் தபாலில் போகின்றன. சமையல் முறைகள் அப்படிப் போவதில்லை. அவை மனிதர்களோடுதான் போகும். 1992இல் தைவான் தன் வேலைவாய்ப்புச் சட்டத்தின் மூலம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கதவைத் திறந்தது. தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் என்று அந்த இலையின் தேசங்களிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பலர் முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ள வீடுகளுக்குள்ளேயே வந்தார்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது ஊகம்தான். ‘இதை ஏன் அரைத்துக் குடிக்கிறீர்கள், முட்டை போட்டுப் பிரட்டுங்கள்’ என்று சிரித்திருக்கவும் கூடும். ஆனால் கூலிக்கு வந்தவரின் சமையலறிவு அறிவாக எண்ணப்படுவதில்லை. பத்திரிகைத் துணுக்கும் பக்கத்து வீட்டுப் பரிந்துரையும் எண்ணப்படுகின்றன. ஆகவே, புதுக் கீரையை நீட்டுகிறவரிடம் அதில் என்ன இருக்கிறது என்பதைவிட முதலில் கேட்க வேண்டியவை வேறு: இதை யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள், எதோடு சேர்க்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு தடவை, யாருக்குக் கொடுக்க மாட்டார்கள். பதில் தெரியாவிட்டால் பருப்போடு ஒரு பிடி, அதுவும் என்றைக்காவது ஒரு நாள். சத்து அட்டவணைக்கு முன்னால் இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அந்த அட்டவணையில் உள்ள எதுவும் முருங்கையிலும் அரைக்கீரையிலும் கிடைக்காதது இல்லை. அதனால் புது இலையிடம் அவசரப்பட நமக்கு ஒரு காரணமும் இல்லை.